ஒரே தெரு, மூணு பென்ஷன்: முதியோர் பணம் எவ்வளவு நாள் தாங்கும்?

(ஜனவரி 2026-ல் பதிவான எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு ஓட்டம் கெடாத அளவுக்குச் சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

ஜனவரி 3-ஆம் தேதி முதல்வர் ஸ்டாலின் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவிச்சார். சுருக்கமா டாப்ஸ். அன்னையிலிருந்து நம்ம இன்பாக்ஸ் ரெண்டா பிரிஞ்சு கிடக்கு. பாதிப் பேர் இருபது வருஷப் போராட்டம் ஜெயிச்சதுன்னு சந்தோஷமா எழுதுறாங்க. மீதிப் பேர், பெரும்பாலும் என்னை மாதிரி ஐ.டி. ஆளுங்க, இது எப்படிக் கட்டுப்படியாகும், நம்ம வரிப்பணம் முழுக்க பென்ஷனுக்கே போயிடுமேன்னு கோபப்படுறாங்க.

ரெண்டு பக்கமும் பேசாத ஒரு கூட்டம் இருக்கு. மாசம் 1,200 ரூபாய் வாங்குற முதியவர்கள். நம்ம ஊர்ல அதை ஓஏபி பணம்னுதான் சொல்வாங்க. அரசு கையிருப்பு தாங்குமா தாங்காதாங்கிற கணக்கு அவங்களையும் சேர்த்துப் போட்டாதான் புரியும். அதனால இன்னைக்குப் புதுக்கோட்டையில ஒரு தெருவைக் கற்பனை பண்ணிக்குவோம். ஆலங்குடி ரோட்டுப் பக்கம்னே வச்சுக்குங்க. மூணு வீடு.

முதல் வீட்டுல ரிட்டயர்டு தலைமை ஆசிரியர் ஒருத்தர். எண்பதுகள்ல வேலைக்குச் சேர்ந்து 2010-ல் ஓய்வு பெற்றவர். பழைய ஓய்வூதியத் திட்டம். கடைசியா வாங்கின சம்பளத்துல பாதி, அதோட ஆறு மாசத்துக்கு ஒருமுறை அகவிலைப்படி. இதுக்காக அவர் சம்பளத்திலிருந்து எதையும் பிடிச்சு எந்த நிதியிலயும் சேர்த்து வைக்கல. இன்னைக்கு வர்ற வரி வருமானத்திலிருந்து இன்னைக்கே கொடுக்கிறாங்க. ஆரம்பிச்ச காலத்துல இது பெரிய பாரமாத் தெரியல. ரிட்டயர் ஆனவங்க கொஞ்சம், வேலை பார்க்கிறவங்க நிறைய, ஆயுளும் குறைவு.

ரெண்டாவது வீட்டுல இருக்கிறவங்களும் டீச்சர்தான். ஆனா 2006-ல் சேர்ந்தவங்க. 2003 ஏப்ரல் 1-க்கு அப்புறம் சேர்ந்த எல்லாருக்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், சிபிஎஸ். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில 10 சதவீதம் இவங்க, அதே அளவு அரசு. மத்திய அரசு புதிய திட்டத்துக்கு மாறினதே 2004 ஜனவரியிலதான். தமிழ்நாடு அதுக்கு முன்னாடியே மாறிடுச்சு.

அந்த 2003 எப்படிப்பட்ட வருஷம்னு பலருக்கு ஞாபகம் இருக்கும். ஜூலையில ஓய்வூதியச் சலுகைக் குறைப்பு உட்பட பல கோரிக்கைகளோட அரசு ஊழியர் வேலைநிறுத்தம். ஜெயலலிதா அரசு டெஸ்மா சட்டத்தை வச்சு ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை ஒரே அடியா வேலையை விட்டு நீக்குச்சு. ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் டி.கே. ரங்கராஜன் வழக்குல, வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லைன்னு தீர்ப்பு சொன்னது. பெரும்பாலானவங்களைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. ஆனா அந்தக் காயம் ஆறல. சிபிஎஸ்னு சொன்னாலே ஒரு தலைமுறை ஊழியர்களுக்கு முகம் மாறுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

சிபிஎஸ்ல இன்னொரு வினோதம். மற்ற பெரும்பாலான மாநிலங்கள் தேசிய ஓய்வூதிய அமைப்புக்குள்ள போயிட்டப்போ தமிழ்நாடு போகல. பணத்தைத் தானே வச்சுக்கிட்டது. ரிட்டயர் ஆனா சேர்ந்த தொகை மொத்தமா கைக்கு வரும், மாசாமாசம் பென்ஷன் கிடையாது. பேர்ல ஓய்வூதியம் இருக்கு, நடைமுறையில இல்ல. அரசு கண்ணோட்டத்துல இது ரொம்ப 'நிலையான' திட்டம். ஏன்னா எத்தனை வருஷம் உயிரோட இருப்போங்கிற ரிஸ்க், விலைவாசி ரிஸ்க், ரெண்டையும் ஊழியர் தலையில இறக்கி வச்சாச்சு. ரிஸ்க் காணாமப் போகல, ஆள் மாறிடுச்சு.

இப்போ வந்திருக்கிற டாப்ஸ் இந்த ரெண்டுக்கும் நடுவுல. ஊழியர் 10 சதவீதம் தொடர்ந்து கட்டணும். கடைசிச் சம்பளத்துல 50 சதவீதம் பென்ஷன் உறுதி, பணியில இருக்கிறவங்களுக்கு ஏறுற மாதிரியே ஆறு மாசத்துக்கு ஒருமுறை அகவிலைப்படி, இறந்துட்டா குடும்பத்துக்கு அந்தப் பென்ஷன்ல 60 சதவீதம். துண்டு விழுறது எவ்வளவானாலும் அரசு போடும். இதுக்கு ஒருமுறை செலவா 13,000 கோடி, அப்புறம் வருஷாவருஷம் 11,000 கோடி அளவுல, அதுவும் சம்பளம் ஏற ஏறக் கூடும்னு அரசே சொல்லியிருக்கு. 2025-26 பட்ஜெட்ல ஏற்கனவே ஓய்வூதியச் செலவு 41,000 கோடிக்கு மேல. மாநிலத்தோட வருவாய் வரவுல எட்டில் ஒரு பங்கு.

மூணாவது வீட்டுக்கு வருவோம். அறுபத்தெட்டு வயசு அம்மா. நாப்பது வருஷம் சித்தாள் வேலை, நடுவுல கந்தர்வகோட்டைப் பக்கம் முந்திரிக் காட்டு வேலை. சேர்த்து வச்சது ஒண்ணுமில்ல. தாலுகா ஆபீஸுக்கு நாலு தடவை நடந்து, ஆதரவற்றவர்னு சான்று காட்டி, 1,200 ரூபாய் வாங்குறாங்க.

இந்தத் திட்டம் தமிழ்நாட்டுல 1962-ல் ஆரம்பிச்சது, மாசம் 20 ரூபாய். நாட்டுக்கே முன்னோடிகள்ல ஒண்ணு. 2011 மே மாசம் ஆட்சிக்கு வந்ததும் ஜெயலலிதா 500-ஐ 1,000 ஆக்கினாங்க. அப்புறம் பன்னிரண்டு வருஷம் அசையல. 2023 ஆகஸ்ட்ல 1,200 ஆச்சு.

இப்போ முதல் வீட்டையும் மூணாவது வீட்டையும் ஒரே காலத்துக்கு ஒப்பிட்டுப் பார்ப்போம். தலைமை ஆசிரியரோட அடிப்படைப் பென்ஷன் 10,000-னு எடுத்துக்கலாம். 2011 ஜூலையில அகவிலைப்படி 58 சதவீதம், ஆக 15,800 ரூபாய். 2016-லிருந்து ஏழாவது ஊதியக் குழு கணக்குப்படி அடிப்படை 2.57-ஆல பெருக்கப்பட்டு 25,700. 2023 ஜூலையில அகவிலைப்படி 46 சதவீதம், ஆக 37,522. கிட்டத்தட்ட 2.4 மடங்கு. அதே பன்னிரண்டு வருஷத்துல விலைவாசி ஏறத்தாழ ரெண்டு மடங்கு ஏறியிருக்கு. மூணாவது வீட்டு அம்மாவுக்கு? 1,000-லிருந்து 1,200. அதாவது 1.2 மடங்கு. வாங்கும் சக்தியில பார்த்தா அவங்க பென்ஷன் ஏறல, நாப்பது சதவீதம் குறைஞ்சிருக்கு. யாரும் உத்தரவு போடல, சட்டசபையில விவாதம் நடக்கல, யாரும் கோர்ட்டுக்குப் போகல.

நம்ம தொழில் பாஷையில சொன்னா, முதல் வீட்டுப் பென்ஷன்ல விலைவாசி ஒரு வேரியபிள். மூணாவது வீட்டுல 1,200 ஹார்ட்கோட் பண்ணியிருக்கு. எவனாவது வந்து கோடைத் திறந்து கையால மாத்துற வரைக்கும் அது அப்படியேதான் ஓடும். தேர்தல் வந்தா திறப்பாங்க.

இன்னும் மோசமான ஹார்ட்கோட் டெல்லியில இருக்கு. இந்த 1,200-க்குள்ள மத்திய அரசோட பங்கு, இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்துல, 60 முதல் 79 வயசு வரை 200 ரூபாய். 80 தாண்டினா 500. அந்த 200 எப்போ வச்சதுன்னு நினைக்கிறீங்க? 2006-ல். 1995-ல் ஆரம்பிச்சப்போ 75 ரூபாய், 2006-ல் 200, அதோட சரி. விலை அதுக்கப்புறம் மூணு மடங்குக்கு மேல ஏறியாச்சு. அதுவும் எல்லாருக்கும் கிடையாது, ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேருக்குத்தான்னு உச்சவரம்பு. மீதிப் பேருக்கு முழுத் தொகையும் மாநிலம்தான் போடணும். பட்ஜெட் நோக்குல பார்த்தா இதைவிட நிலையான திட்டம் உலகத்துலயே இருக்காது. இருபது வருஷத்துல ஒருத்தருக்கான செலவு ஒரு ரூபாய்கூட ஏறல பாருங்க!

அதனால 'நிதி தாங்குமா'ங்கிற கேள்வியை யாராவது கேட்டா, எந்த வீட்டுப் பென்ஷனைப் பத்திக் கேக்கிறாங்கன்னு முதல்ல பார்க்கணும்.

தொகையை வச்சே பார்க்கலாம். மாநிலத்துல முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி எல்லாம் சேர்த்து சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்குறவங்க ஏறத்தாழ 30 லட்சம் பேர். எல்லாருக்கும் 1,200-னு தோராயமா வச்சா வருஷத்துக்கு 4,320 கோடி. அரசு ஓய்வூதியதாரர்களும் குடும்ப ஓய்வூதியதாரர்களும் ஏழு லட்சம் அளவுல. அவங்களுக்கு 41,000 கோடி. இந்த 30 லட்சம் பேருக்கும் விலைவாசிக்கு ஏத்த மாதிரி வருஷம் 5 சதவீதம், அதாவது 60 ரூபாய் ஏத்தினா, முதல் வருஷக் கூடுதல் செலவு 216 கோடி. ஒரே தடவையில 1,000 ரூபாய் ஏத்தினாக்கூட 3,600 கோடி. டாப்ஸோட வருடாந்தர செலவுல மூணுல ஒரு பங்கு.

இதைச் சொன்ன உடனே ஆசிரியர் நண்பர்கள் கோபப்படுவீங்க. எங்க பென்ஷனைப் பிடுங்கி அவங்களுக்குக் கொடுக்கச் சொல்றியான்னு. இல்லைங்க. 1982 டிசம்பர் 17-ல் நகரா வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவாச் சொல்லிடுச்சு, ஓய்வூதியம் அரசு மனமிரங்கிப் போடுற பிச்சை இல்ல, உழைச்ச உழைப்புக்குப் பின்னால வர்ற உரிமை. நான் கேக்கிறது, நாப்பது வருஷம் செங்கல் தூக்கின உழைப்புக்கு மட்டும் ஏன் 'உதவித்தொகை'னு பேச்சு வழக்குல சொல்லிப் பழகிட்டோம்? அதுக்கும் ஒரு ஃபார்முலா ஏன் இல்ல?

இதுக்கு எதிர்ப்பக்க நியாயம் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். அந்த அம்மாவுக்கு வர்றது 1,200 மட்டும் இல்ல. ரேஷன் அரிசி இலவசம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலை. டவுன் பஸ்ல டிக்கெட் கிடையாது. இதுல கவனிக்க வேண்டியது, இதெல்லாம் பொருளா வருது. அரிசி விலை ரெண்டு மடங்கு ஏறினாலும் கிலோ கிலோதான். பஸ் கட்டணம் ஏறினாலும் பயணம் பயணம்தான். தமிழ்நாட்டுல ஏழை முதியவர்களுக்கு விலைவாசிப் பாதுகாப்பு கொடுக்கிறது காசு இல்ல, இந்தப் பொருளும் சேவையும்தான். அரசியல்வாதிகள் தெரிஞ்சு செஞ்சாங்களோ தெரியாம செஞ்சாங்களோ, நல்ல டிசைன்.

மருத்துவமும் அப்படித்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரிய ஆபரேஷனுக்கு, அட்மிஷனுக்கு. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. 2024 அக்டோபர்ல இருந்து 70 வயசு தாண்டின எல்லாருக்கும், வருமானம் பார்க்காம, மத்திய அரசோட ஆயுஷ்மான் திட்டத்துல காப்பீடு உண்டு. அரசு ஓய்வூதியதாரர்களுக்குத் தனித் திட்டம், பென்ஷன்ல மாசம் 497 ரூபாய் பிடிப்பாங்க. எல்லாம் சரி. ஆனா வயசானவங்க கையில இருந்து மாசாமாசம் பணத்தை உறிஞ்சுறது ஆபரேஷன் இல்ல. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ, கூட வர்ற மகளோட ஒரு நாள் கூலி. இதுக்கு எந்தக் காப்பீடும் வராது.

மணமேல்குடி பக்கத்துக் கடலோர ஊர்ல இருக்கிறவங்களுக்குப் புதுக்கோட்டை மெடிக்கல் காலேஜ் போயிட்டு வர்றதே ஒரு நாள் வேலை. அந்தக் காலேஜும் 2017-லதான் வந்தது. அதனாலதான் 2021 ஆகஸ்ட் 5-ல் ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்தை நிதிக் கோணத்துலயும் முக்கியம்னு சொல்றேன். ஒரு பெண் தன்னார்வலர் வீட்டு வாசல்ல வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துட்டுப் போறாங்க. அந்த அம்மாவுக்கு அது சில நூறு ரூபாய் பென்ஷன் ஏறின மாதிரி. அரசுக்கு, கட்டுப்பாடு இல்லாத சுகர்ல கிட்னி போய், வாரம் மூணு தடவை டயாலிசிஸ்னு நிக்கிற செலவு ஓரளவாவது தள்ளிப் போகுது. காப்பீட்டுச் செலவைக் குறைக்கணும்னா மாத்திரைச் செலவைக் கூட்டணும். அந்தத் தன்னார்வலர்களுக்குக் கொடுக்கிற சொற்ப ஊக்கத்தொகையை வச்சு எவ்வளவு நாள் இதை ஓட்டுவாங்கங்கிறது தனி எபிசோட்.

இனி பக்கத்து மாநிலங்கள். ஆந்திரா 2024 ஜூலையிலிருந்து முதியோர் பென்ஷன் 4,000 ரூபாய். கேரளா 2025 நவம்பர்லேர்ந்து 2,000. அப்போ நாமளும் ஏத்தலாமேன்னு தோணும். கேரளாவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கணும். அங்க 2018-ல் பென்ஷன் கொடுக்கிறதுக்குன்னே ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, அது மூலமா கடன் வாங்கிக் கொடுத்தாங்க. மத்திய அரசு அந்தக் கடனையும் மாநிலக் கடன் வரம்புக்குள்ள சேர்த்த உடனே மூச்சு முட்டுச்சு. 2023-24-ல் மாசக்கணக்குல பாக்கி விழுந்தது. தொகை பெருசு, ஆனா வரவேண்டிய தேதியில வரல. 1,600 ரூபாயை எதிர்பார்த்து மளிகைக் கடையில கடன் சொன்ன முதியவருக்கு அஞ்சு மாசம் கழிச்சு மொத்தமா வர்றதுல என்ன பிரயோஜனம்? ஆக, ஏத்தினா போதும்னு நான் சொல்ல வரல. எங்கேர்ந்து வரும்ங்கிறதும் சேர்ந்தே எழுதப்படணும்.

ஏன்னா கூட்டம் பெருகப் போகுது. 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டு மக்கள்தொகையில 60 வயசு தாண்டினவங்க நூத்துக்குப் பத்து பேர் அளவுல. அதிகாரப்பூர்வ மதிப்பீட்டுப்படி 2021-ல் 13.6 சதவீதம், கேரளாவுக்கு அடுத்த இடம். 2031-ல் 18.2 சதவீதம் ஆகும். பிறப்பு விகிதமும் குறைஞ்சுக்கிட்டே வருது. இதோட ரெண்டாவது வீட்டு டீச்சர் கணக்கைச் சேருங்க. 2004, 2006-னு இருபத்தெட்டு, முப்பது வயசுல வேலைக்குச் சேர்ந்தவங்க 60 வயசுல ரிட்டயர் ஆகிறது 2036-ஐ ஒட்டி. அப்போ முதல் வீட்டுத் தலைமுறையில பலர் இன்னும் பென்ஷன் வாங்கிட்டிருப்பாங்க. டாப்ஸ்ல உறுதி சொன்ன அந்தத் துண்டுத் தொகை நிஜமா விழப்போறது அந்தப் பத்து வருஷத்துலதான். இன்னைக்குச் சொல்ற 11,000 கோடியை மட்டும் வச்சு அந்தக் காலத்தை அளக்க முடியாது.

ரிட்டயர்மென்ட் வயசை 2020 மே மாசம் 58-லிருந்து 59, அடுத்த பிப்ரவரியிலயே 60-னு தள்ளினாங்க இல்லையா, கோவிட் சமயத்துல? அன்னைக்குக் கொடுக்க வேண்டிய பணிக்கொடையைத் தள்ளிப் போட்டதுதான் அது. டிஎன்பிஎஸ்சிக்குப் படிச்சுக்கிட்டிருந்த நம்ம பசங்க அந்த ரெண்டு வருஷத்தைத் தங்கள் வயசுல கட்டினாங்க.

நேர்மையா இதைச் செய்ய வழியே இல்லையான்னா, இருக்கு. ஜப்பான் 2004-ல் ஒரு சட்டம் போட்டது. பங்களிப்புக் கட்டுறவங்க எண்ணிக்கை குறையக் குறைய, ஆயுள் கூடக் கூட, பென்ஷன் விலைவாசியைவிடக் கொஞ்சம் மெதுவா ஏறும். எவ்வளவு மெதுவாங்கிறதுக்கு ஃபார்முலா எழுதி வச்சிருக்கு. பிடிக்காதவங்க அங்கயும் நிறைய உண்டு. பென்ஷன் தேயத்தான் செய்யுது. ஆனா தேயுறது எல்லாருக்கும் தெரியுது, அதை வச்சு சண்டை போட முடியுது. நம்ம 200 ரூபாய் தேஞ்சது பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. முதல் ரெண்டு வீட்டு அகவிலைப்படியையும் மூணாவது வீட்டு 1,200-ஐயும் ஒரே விலைக் குறியீட்டோட கட்டிட்டு, நிதி நெருக்கடி வந்தா மூணையும் ஒரே விகிதத்துல மெதுவாக்கினா எப்படி இருக்கும்? அப்போ மூணாவது வீட்டுக்காரங்களுக்காகவும் சங்கம் பேசும். ஏன்னா அவங்க பென்ஷன் நின்னா இவங்களோடதும் நிக்கும். எந்தக் கட்சியும் இதை ஏத்துக்காதுன்னு எனக்கும் தெரியும்.

கடைசியா ஐ.டி. நண்பர்களுக்கு. அரசு ஊழியர் பென்ஷனைப் பார்த்துக் கோபப்படுறதுக்கு முன்னாடி உங்க பி.எஃப். பாஸ்புக்கைத் திறங்க. அடிப்படைச் சம்பளம் 15,000-க்குள்ள வேலைக்குச் சேர்ந்தவங்களுக்கு, கம்பெனி கட்டுற பணத்திலிருந்து சம்பளத்துல 8.33 சதவீதம், அதிகபட்சம் 1,250 ரூபாய், இபிஎஸ் 95-க்குப் போகும். 35 வருஷம் வேலை பார்த்தாலும் அந்தச் சூத்திரப்படி கிடைக்கிறது மாசம் 7,500 அளவுல. அகவிலைப்படி கிடையாது, ரிட்டயர் ஆன அன்னைக்கு என்னவோ அதேதான் எண்பது வயசுலயும். குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய்னு 2014 செப்டம்பர்ல வச்சாங்க, இன்னும் அதே 1,000. 2014 செப்டம்பருக்கு அப்புறம் 15,000-க்கு மேல அடிப்படைச் சம்பளத்தோட முதல் வேலைக்குச் சேர்ந்திருந்தா அதுவும் இல்ல, உங்களுக்குப் பென்ஷன் கணக்கே கிடையாது. நாம உட்கார்ந்திருக்கிறது மூணாவது வீட்டுத் திண்ணையில, பார்த்துப் பொறாமைப்படுறது முதல் வீட்டை.

தேர்தல் வர்றதால பிப்ரவரியில வரப்போறது இடைக்கால பட்ஜெட்டா இருக்கும். நிதித்துறை இணையதளத்துல பட்ஜெட் ஆவணங்களை பிடிஎஃப்பா போடுவாங்க. அதுல ரெண்டு கணக்குத் தலைப்பை மட்டும் தேடுங்க. 2071, ஓய்வூதியங்களும் பிற ஓய்வுக்கால நன்மைகளும். 2235, சமூகப் பாதுகாப்பும் நலமும். போன வருஷத் தொகை, இந்த வருஷத் தொகை, ரெண்டையும் எழுதி வச்சுக்குங்க. எது எத்தனை சதவீதம் ஏறியிருக்குன்னு கணக்குப் போட்டு எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட் அதை வச்சுத்தான்.